அகத்தின் அழகு முகத்தில்தானா?

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் வீடுகளில் அடிக்கடி அடிபடும் பழமொழி. அதே வீட்டில்தான், தலைகுனிந்து பேசாமல் நிற்கும் பிள்ளையைப் பார்த்து "அடக்கமான புள்ள" என்று உம்மம்மா சொல்வார். "மூஞ்சப் பாத்தாலே வெளங்குதே, என்னமோ செஞ்சிட்டு வந்து நிக்கிறான்" என்று நானா சொல்வார். முகம் ஒன்று, வாசிப்பு இரண்டு. ஒரே கூரையின் கீழ் இப்படியென்றால், கடல் கடந்த இரு சமூகங்களுக்கிடையே எப்படியிருக்கும்?

இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் ஆதிக்கம் செலுத்திய பதில் அமெரிக்க உளவியலாளர் போல் எக்மனுடையது. மகிழ்ச்சி, சோகம், கோபம், அச்சம், வியப்பு, அருவருப்பு ஆகிய ஆறும் எல்லா மனிதர் முகத்திலும் ஒரே விதமாகத் தோன்றும், எல்லோரும் அவற்றை ஒரே விதமாக அறிந்துகொள்வர் என்பது அவர் வாதம். வெளியுலகத் தொடர்பு குறைந்த பப்புவா நியூகினியின் ஃபோரே மக்களிடம் இதைச் சோதித்து, வொலஸ் ஃப்ரீசனுடன் இணைந்து 1971இல் முடிவை வெளியிட்டார். பங்குகொண்டோர் 189 பெரியவர்கள், 130 சிறுவர்கள்.

எக்மனைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமல்ல. மொழியைப்போல முகபாவமும் சமூகத்துக்குச் சமூகம் முற்றிலும் வேறானது என்ற எண்ணம் மேலோங்கியிருந்த காலத்தில், மனிதர் எல்லோருக்கும் பொதுவான ஒன்றைத் தேடியவர் அவர். எந்த இடத்தில் எதைக் காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்பதற்குச் சமூக விதிகள் உண்டு என்பதையும் அவர் ஏற்றார். ஆனால் காட்டுவதில் பண்பாட்டுக்கு இடம் கொடுத்தவர், காண்பதில் அதற்குப் போதிய இடம் கொடுக்கவில்லை. என் கருத்து வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் முறையைப் பார்ப்போம். ஃபோரே மக்களிடம் ஒரு சிறு கதையைச் சொல்லி, முன்னே வைத்த இரண்டு மூன்று படங்களில் பொருத்தமானதைக் காட்டச் சொன்னார்கள். பல்தேர்வு வினா எழுதிய எந்த மாணவருக்கும் இதிலுள்ள ஓட்டை தெரியும். விடை தெரியாவிட்டாலும் பொருந்தாதவற்றை வெட்டிவிட்டு மிஞ்சியதைத் தொட்டுவிடலாம். "இந்த முகத்தில் என்ன காண்கிறீர்கள்?" என்று வெறுமனே கேட்பது வேறு; "இதில் எது கோபம்?" என்று கேட்பது வேறு. அப்படியிருந்தும் அச்சத்தையும் வியப்பையும் அம்மக்கள் எக்மன் எதிர்பார்த்தபடி பிரித்தறியவில்லை.

அடுத்து வந்த ஆய்வுகள் இந்த ஓட்டையைப் பெரிதாக்கின. அதே பப்புவா நியூகினியின் ட்ரொப்ரியாண்ட் தீவுகளில் கார்லோஸ் கிரிவெல்லியும் சகாக்களும் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. கண்ணை அகல விரித்து வாய் பிளந்த முகத்தை ஸ்பானிய இளைஞர்கள் அச்சம் என்றார்கள். தீவின் இளைஞர்களோ அதைச் சினமாகவும் மிரட்டலாகவும் கண்டார்கள். பயந்தவன் என்று ஒருவர் பார்க்கும் முகம், அடிக்க வருபவன் என்று மற்றவருக்குத் தெரிகிறது! தக்காஹிக்கோ மசுடாவின் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு வித்தியாசத்தைக் காட்டியது. நடுவில் நிற்பவரின் மனநிலையைச் சொல்லும்போது ஜப்பானியர் சுற்றி நிற்பவர்களின் முகங்களையும் கணக்கில் எடுத்தார்கள். அமெரிக்கர்களுக்கு நடுவிலுள்ள முகமே பெரும்பாலும் போதுமாக இருந்தது.

சூழலோடு சேர்த்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களையும் தருகிறது. பிறரை எள்ளும்போதும் சிரிப்பு வரும், இளம்பிள்ளையின் செய்கையைக் கண்டாலும் சிரிப்பு வரும். எனவே சிரிப்பைக் கண்டால் மட்டும் போதாது, அது எதில் பிறந்தது என்று பார்க்க வேண்டும். எக்மனின் ஆறில் இடம்பெறாத பெருமிதம் இந்த எட்டில் ஒன்று என்பதும் கவனிக்கத்தக்கது. உணர்ச்சிகளை எண்ணத் தொடங்கும் பட்டியலிலேயே பண்பாடு புகுந்துவிடுகிறது.

இது ஆய்வுகூடத்துக்குள் முடிந்துவிடும் தர்க்கமல்ல. முகத்தையும் நடத்தையையும் பார்த்து ஆபத்தானவரைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பி அமெரிக்க விமான நிலையங்களில் ஒரு திட்டம் நடத்தப்பட்டது. எக்மனின் ஆய்வுகளும் அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டன. மத்திய கிழக்குத் தோற்றமுடையோரும் கறுப்பினத்தவரும் குறிவைக்கப்படுவதாக 2012இல் பொஸ்டன் விமான நிலையத்தில் அப்பணியிலிருந்த அதிகாரிகளே முறையிட்டார்கள். 2007 முதல் சுமார் 90 கோடி டொலர் செலவான பின், இம்முறை பயன் தரும் என்பதற்குச் சான்றில்லை என்று அந்நாட்டு அரசின் கணக்காய்வு அமைப்பு 2013இல் அறிக்கையிட்டது.

இப்போது அதே வேலையைக் கணினி செய்யும் என்கிறார்கள். முகத்தைச் சுளித்தால் கோபம் என்று அதற்குப் படித்துக் கொடுத்தாயிற்று. ஆனால் லீசா ஃபெல்ட்மன் பாரெட் உள்ளிட்ட ஐவர் 2019இல் வெளியிட்ட மீளாய்வின்படி, கோபத்தில் மனிதர் முகம் சுளிப்பது சராசரியாகப் பத்தில் மூன்று தடவைக்கும் குறைவு. கோபமில்லாதபோதும் நாம் முகம் சுளிக்கிறோம். வெயிலுக்கும் சுளிக்கிறோம், யோசனையிலும் சுளிக்கிறோம். வேலைத்தலத்திலும் கல்விக்கூடத்திலும் உணர்ச்சியை ஊகிக்கும் இத்தகைய கருவிகளை, மருத்துவ, பாதுகாப்புத் தேவைகள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டத்தில் தடைசெய்தது வெறும் அச்சத்தால் அல்ல.

முகமே பொய் என்று நான் சொல்லவரவில்லை. உம்மாவின் முகத்தைப் பார்த்தே வீட்டு நிலைமையை விளங்கிக்கொள்கிறோம். அது முடிவது, அந்த முகத்தோடு நாம் இத்தனை வருடம் வாழ்ந்திருப்பதால். நேர்முகப் பரீட்சை மேசையிலும் குடிவரவுக் கருமபீடத்திலும் விசாரணைக் கூண்டிலும் நிற்பவரோடு அப்படி யாரும் வாழ்ந்ததில்லை. அங்கே கண்ணைத் தாழ்த்துவது ஒரு ஊரில் மரியாதை, இன்னொரு ஊரில் குற்றம். தீர்ப்புச் சொல்லுமுன் ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பதால் நேரம் கொஞ்சம் போகலாம். கேட்காமல் விட்டால் போவது இன்னொருவரின் மானம்.