நான்கு நாள் முற்றுகையும் நான்காண்டுச் சிறையும்

போர்க்களத்தைத் திரையில் காட்டுதல் எளிது. முற்றுகையைக் காட்டுதல் அரிது. பாய்ந்து செல்லும் படையைக் காமிரா விரும்பும், காத்திருத்தலை விரும்பாது. முற்றுகையோ பெரும்பாலும் காத்திருத்தலே. எயில் காத்தலை 'நொச்சி' எனத் தனித் திணையாக வகுத்த புறப்பொருள் வெண்பாமாலையைக் கற்ற நமக்கு இவ்வருமை புதிதன்று.

சீனத் திரைப்படக் கலைஞர் இதனை எவ்வாறு கையாண்டனர் என்பதற்கு ஷாங்காய் நகரின் சிஹாங் பண்டகசாலை நல்லதோர் உரைகல். 1937 அக்டோபர் இறுதியில் ஜப்பானியப் படை சூழ்ந்து நிற்க, ஷியே ஜின்யுவான் தலைமையில் 400 பேருக்குச் சற்று மேற்பட்ட வீரர் அங்கு நான்கு நாள் பொருதனர். பகைவர் மருளும் பொருட்டு 800 பேர் எனச் சொல்லப்பட்டது. அவ்வெண்ணே அவர்தம் பெயராய் நிலைத்தது. சூச்சோ சிற்றாற்றின் தென்கரையில் அயலார் ஆட்சிக்குட்பட்ட சர்வதேசக் குடியிருப்பு இருந்தது. அங்குத் திரண்ட மக்கள் எதிர்க்கரைப் போரைக் கண்ணாரக் கண்டனர்.

இவ்வரலாறு மும்முறை படமாயிற்று. 1938இல் இங் யுன்வெய் எடுத்த படம், போர் நடக்கும்போதே மக்களைத் தட்டியெழுப்பப் பிறந்தது. 1976இல் தைவானில் டிங் ஷான்-ஷி இயக்கிய படத்தில், வீரருக்குக் கொடி கொணர்ந்த சாரணப் பெண் யாங் ஹுய்மின் வேடத்தை லின் சிங்-ஷியா ஏற்றார். 2020இல் குவான் ஹூ இயக்கிய படமே அளவிற் பெரிது.

இம்மூன்றாம் படத்தின் சிறப்பு, பார்ப்போரையே நாம் பார்க்கச் செய்ததாகும். வடகரையில் இருளும் இடிபாடும். தென்கரையில் வண்ண விளக்கும் கேளிக்கையும். வேடிக்கை பார்த்தவர் இறுதியில் பாலத்தருகே கை நீட்டுகின்றனர். முற்றுகையின் உட்பொருளை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

குறையும் உண்டு. 2019 ஜூனில் ஷாங்காய்த் திரைப்பட விழாவிலிருந்து திடுமென விலக்கப்பட்ட இப்படம், 2020 ஆகஸ்டில்தான் திரைக்கு வந்தது. அதில் கொடியைக் காக்க மாந்தர் மடிகின்றனர்; கொடியோ தெளிவாகத் தெரிவதில்லை. அது சீனக் குடியரசின் கொடி. இன்றும் தைவானில் பறப்பது. அரசியல் கூச்சம் கலையின் கண்ணை மறைத்தது என்றே கூறுவோம்.

அதனினும் பெருங்குறை, பாலத்தைக் கடப்பதோடு கதையை நிறுத்தியதே. குடியிருப்புக்குள் வந்த வீரரின் படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. அவர்கள் முகாமில் அடைக்கப்பட்டனர். 1938 ஆகஸ்டில் கொடியேற்றம் பற்றி எழுந்த பூசலில் வீரர் சிலர் மாண்டனர். 1941 ஏப்ரலில் ஷியே தம் வீரர் சிலராலேயே கொல்லப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் குடியிருப்பைக் கைப்பற்ற, எஞ்சியோர் போர்க் கைதிகளாயினர். சிலர் நியூகினி வரை கடத்தப்பட்டனர்.

1938ஆம் ஆண்டுப் படத்துக்கு இவற்றைச் சொல்லக் காலம் இடந்தரவில்லை. 2020ஆம் ஆண்டுப் படத்துக்கு அத்தடை இல்லை. துப்பாக்கி முழங்கிய நான்கு நாளைப் போற்றுவது எளிது. ஓசையின்றி ஒடுங்கிய நான்காண்டையும் காட்டியிருந்தால், வீரர் சிலைகளாக அன்றி மனிதராக நம்முன் நின்றிருப்பர்.