மால்குடியில் சிரிப்பவர் யார்?

சிற்றூரைக் கண்டு மகிழும் நகைச்சுவை வேறு. சிற்றூரானைக் கண்டு எள்ளும் கேலி வேறு. திக்குவாயும் கருநிறமும் நாட்டுப்புறப் பேச்சும் தோன்றிய உடனே சிரித்தாக வேண்டும் என்று நம்மைப் பழக்கிவிட்ட இக்காலத் தொலைக்காட்சிக்கு இவ்வேற்றுமை விளங்கவில்லை. ஆதலின், 1986-87ஆம் ஆண்டுகளில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய 'மால்குடி டேஸ்' தொடரை மீண்டும் எண்ணிப் பார்ப்பது நலம்.

1906இல் சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயண், 1935இல் வெளிவந்த தம் முதல் நாவலில் படைத்த கற்பனை ஊரே மால்குடி. அதனைக் கருநாடகத்து ஆகும்பேயில் கண்முன் நிறுத்தினார் இயக்குநர் சங்கர் நாக். பள்ளிக்கு அஞ்சும் சிறுவனும், தபால்காரரும், மிட்டாய்க் கடைக்காரரும் நம்மைச் சிரிக்க வைக்கிறார்கள். அச்சிரிப்பு அவர்தம் ஆசையிலும் அச்சத்திலும் பிறக்கிறதேயன்றி, உடற்குறையில் பிறக்கவில்லை. இஃது பெரிதும் போற்றத்தக்கது.

ஆயினும், சிரிப்பு யாருக்குச் சொந்தம் என்று கேட்காமல் விடலாமா? 'லீலாவின் நண்பன்' கதையை நோக்குக. குழந்தையின் பொற்சங்கிலி காணாமற் போகிறது; பழி வேலைக்காரன் சித்தன் மேல் விழுகிறது. அவன் முன்பு சிறை கண்டவன் என்பது மெய்யே. ஆனால் சங்கிலியோ வீட்டுப் புளிப்பானையிலேயே கிடைக்கிறது. அதன் பின்னரும் வீட்டுத் தலைவர் வருந்தினாரில்லை. அத்தகையவனை வீட்டில் வைத்திருக்க இயலாது என்று அமைதி கொள்கிறார். நாராயண் கண்டித்து ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதாமலே நடுத்தர வகுப்பாரின் மனச்சான்றைத் தோலுரித்துவிட்டார். மேடைப் பேச்சு பல செய்யாததை இக்கதை செய்கிறது.

'ஒரு குதிரையும் இரண்டு ஆடுகளும்' வேறு வகை. மண்குதிரைச் சிலையை விலை பேசும் அமெரிக்கனுக்குத் தமிழ் தெரியாது; ஏழைக் கிழவன் முனிக்கு ஆங்கிலம் தெரியாது. தன் ஆடுகளுக்கே விலை கிடைத்ததென முனி மகிழ்கிறான். இரு மொழிகள் ஒன்றையொன்று தொடாமற் செல்வதே இங்கு நகை. தொடரிலோ முனி இந்தி பேசுகிறான்! கதையின் ஏழ்மை எஞ்சியது. அவன் மொழி மறைந்தது. தமிழனின் அறியாமையைத் தமிழன் ஆங்கிலத்தில் எழுத, பிறர் இந்தியில் கண்டு சிரித்தனர்.

தோட்டத்துக் கிராணி வேலை பார்க்கும் எனக்கு இது வெறும் இலக்கிய வினா அன்று. துரையின் ஆங்கிலத்துக்கும் தொழிலாளியின் தமிழுக்கும் இடையில் நின்ற வர்க்கம் எங்களுடையது. இடையில் நிற்பவன் ஒரு சொல்லை விழுங்கினால், முனியின் பொருள் போவது போலக் கூலியும் உரிமையும் போகும். அங்கே எவரும் சிரிப்பதில்லை.

சிலிம் ரிவரிலும் சுங்கையிலும் தஞ்சோங் மாலிமிலும் இரயிலடிகள் உண்டு. தேநீர்க் கடைகள் உண்டு. பால்மரக் காடு செம்பனையாக மாறக் கண்ட முதியவர்கள் உண்டு. இவர்களை இவர்களின் தமிழிலேயே பேசவிட்டு, இவர்களோடு சேர்ந்து சிரிக்கும் தொடர் நமக்கு வேண்டும். நம் எழுத்தாளர்கள் மால்குடியைப் பார்த்துப் படி எடுக்க வேண்டா. தம் ஊரை நோக்கும் துணிவை மட்டும் அதனிடம் கற்றால் போதும்.