மினசோட்டா இசைக்குழுவில் கதவடைப்பு

அமெரிக்கச் சிம்பொனி இசைக்குழுக்களில் சம்பள ஒப்பந்தம் காலாவதியாகும்போது நிர்வாகத்தின் கையில் இருக்கும் கடைசி ஆயுதம் கதவடைப்பு. கலைஞர்கள் தாமாக வாசிக்க மறுப்பது வேலைநிறுத்தம் என்றால், நிர்வாகத்தின் நிபந்தனைகளை ஏற்கும்வரை அவர்களை உள்ளே விடாமல் சம்பளத்தையும் நிறுத்திவைப்பது கதவடைப்பு ஆகும். மினியாபொலிஸ் நகரில் 1903-இல் தொடங்கப்பட்ட மினசோட்டா இசைக்குழுவில், 2012 அக்டோபர் 1 முதல் 2014 ஜனவரி வரை நீடித்த கதவடைப்பு இம்முறையின் வலிமையையும், அதனினும் பெரிய பழுதையும் தெளிவாகக் காட்டுகிறது.

ஒரு பஞ்சாலையை மூடினால் உற்பத்தி நின்று முதலாளியும் நட்டப்படுகிறார். ஆதலால் இரு தரப்பும் விரைவில் இறங்கி வருகின்றன. இசைக்குழுவின் நிலை வேறு. நுழைவுச்சீட்டு வருவாய் செலவில் பாதியைக்கூட எட்டாமல், நன்கொடையாலும் வைப்புநிதியின் (அதாவது முதலைத் தொடாமல் வருவாயை மட்டும் செலவிடுவதற்கென ஒதுக்கிய நிதியின்) ஈட்டத்தாலும் ஓடும் நிறுவனத்தில், கச்சேரி நின்றால் பற்றாக்குறை குறையவே செய்யும். பொருளியலாளர்களான பாமோலும் போவனும் 1966-இல் வெளியிட்ட ஆய்வு இதன் வேரை விளக்கியது: பீத்தோவனின் சிம்பொனிக்கு அன்று தேவைப்பட்ட ஆட்களும் நேரமும் இன்றும் தேவைப்படுவதால், பிற தொழில்களில் உற்பத்தித்திறனோடு ஊதியம் உயர உயர, இசைக்குழுவின் செலவு மட்டும் ஈடுகட்ட வழியின்றி ஏறுகிறது. ஆகவே மினசோட்டா நிர்வாகம் சுட்டிய ஏறத்தாழ 60 லட்சம் டாலர் பற்றாக்குறை வெறும் சாக்கு அன்று.

ஆயினும், கலைஞர்களின் சராசரி ஆண்டுச் சம்பளத்தை 1,35,000 டாலரிலிருந்து 89,000 டாலராகக் குறைக்கும் திட்டம், ஏறத்தாழ 5 கோடி டாலர் செலவில் அரங்கைப் புதுப்பிக்கும் பணி நடந்துகொண்டிருந்த வேளையிலேயே முன்வைக்கப்பட்டது. முந்தைய ஆண்டுகளில் வைப்புநிதியிலிருந்து கூடுதலாக எடுத்து வரவுசெலவைச் சமன்செய்து காட்டிய செய்தி வெளிவந்தபோது, கலைஞர்களின் ஐயம் வலுப்பெற்றது. சுதந்திரமான தணிக்கை வேண்டுமென்ற அவர்களது கோரிக்கை நியாயமானது. அது நிறைவேறும்வரை மாற்றுத்திட்டம் எதையும் தராமல் நெடுநாள் இருந்ததோ அவர்கள் தரப்பின் பிழை. பிடிவாதக்காரர் என்ற பழியை நிர்வாகம் எளிதாக அவர்கள்மேல் சுமத்த அது வழிவிட்டது.

கதவடைப்பின் அடிப்படைப் பழுது கணக்கேட்டில் ஏறாத இழப்பில் இருக்கிறது. ஓபோ எழுப்பும் சுருதிக்குத் தம் கருவியைச் சேர்த்துக்கொள்ள எந்தத் தேர்ந்த கலைஞராலும் முடியும். ஆனால் சிபேலியஸின் ஒரு மெல்லிய பகுதியில் வயலின்கள் செவிக்கு எட்டும் எல்லைவரை தணியும்போது, வில்லின் எந்தப் பகுதியை எவ்வளவு அழுத்துவது என்பது, அருகிருப்பவரோடு பல்லாண்டு சேர்ந்து வாசித்தவருக்கே சொல்லாமல் கைவரும். அந்தக் கூட்டுப்பழக்கம் கலைந்தால் புதிய ஆட்களை அமர்த்தி உடனே நிரப்ப இயலாது. முதன்மைக் கிளாரினெட் கலைஞர் லாஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக்கில் சேர்ந்தார். வேறு சிலரும் விலகினர். 2013 நவம்பரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் நடக்கவிருந்த சிபேலியஸ் கச்சேரிகள் கைவிடப்பட்டதும், 2003 முதல் இக்குழுவை வழிநடத்திய ஓஸ்மோ வான்ஸ்கா பதவி துறந்தார். கதவடைப்புக்கு முன் பதிவான அவர்களது சிபேலியஸ் முதலாம், நான்காம் சிம்பொனிகளுக்குக் கிராமி விருது கிடைத்தபோது, உடன்பாடு கண்டு இரண்டு வாரங்கள்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த உடன்பாட்டில் முதலாண்டுச் சம்பளக் குறைப்பு 15 விழுக்காடாக நின்றது; நிர்வாகம் முதலில் கேட்டது மூன்றில் ஒரு பங்கு. அதே ஆண்டில் வான்ஸ்கா திரும்ப அழைக்கப்பட்டார், தலைமை நிர்வாகி விலகினார். கேட்டதில் பாதிகூடக் கைக்கு வராத பேரத்துக்காக ஒரு முழுப் பருவத்தையும் அடுத்ததின் பாதியையும் இழந்ததை வெற்றி என்று கொள்ள முடியாது. கணக்குகளைத் தொடக்கத்திலேயே பொதுவான தணிக்கையாளரிடம் ஒப்படைத்திருந்தால், இதே 15 விழுக்காட்டை மேடை இருளாமலேயே பேசி முடித்திருக்கலாம்.