பட்டமும் பரிபாலனமும்

ஆகாயத்தில் ஏறும் சாதனங்களில் மிகவும் இலேசானது எதுவென்று கேட்டால், மூங்கில் ஈர்க்கும் காகிதமும் நூலும் சேர்ந்த பட்டத்தையே காட்டவேண்டும். 1934ஆம் ஆண்டின் இந்திய விமானச் சட்டமும், விமானம் எதுவென வரையறுக்கும்போது, பலூனையும் கிளைடரையும் சொன்னதோடு நில்லாமல் பட்டத்தையும் அந்த வரிசையிலேயே வைத்துவிட்டது. சட்டம் இவ்வாறு கௌரவித்த சின்னஞ்சிறு விமானத்தை, தை பிறக்கும் வேளையில், இந்தியாவில் அகமதாபாத் நகரமும் இலங்கையில் வல்வெட்டித்துறையும் பெரும் உற்சாகத்தோடு கொண்டாடுகின்றன. ஆனால் பறக்கவிடுகிறவர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்டிருக்கும் ஒழுங்கு இரண்டு இடங்களிலும் ஒன்றல்ல; அதற்குக் காரணம் மக்களின் சுபாவத்தைவிடப் பட்டத்தின் அளவிலும் அதைப் பிடிக்கும் கயிற்றிலுமே அதிகம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அகமதாபாத்தின் பழைய நகரத்தில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. ஜனவரி 14ஆம் தேதி உத்தராயணத்தன்றும், 'வாசி உத்தராயணம்' எனப்படும் மறுநாளும், குடும்பங்கள் முழுவதுமே மொட்டைமாடிக்குக் குடியேறிவிடுகின்றன. அங்கே பறப்பது வாலில்லாத, சாய்சதுரமான சிறு காகிதப் பட்டம். விரலின் ஒரு சுண்டலுக்குத் திரும்பும், மறு சுண்டலுக்குப் பாயும். அதைப் பறக்கவிட ஒருவரும், 'ஃபிர்க்கி' என்ற நூல் உருளையைப் பிடிக்க இன்னொருவரும் போதும். பண்டிகைக்குப் பல நாள் முன்பிருந்தே, தெருவோரத்தில் கம்பங்களுக்கிடையே வெள்ளை நூலை நீளநீளமாக இழுத்துக் கட்டி, சோற்றுப்பசையும் சாயமும் கண்ணாடித்தூளும் கலந்த குழம்பைக் கையால் தடவிக்கொண்டே முன்னும் பின்னும் நடக்கும் தொழிலாளர்கள், விரல் அறுபடாதிருக்கத் துணிக்கீற்றுகளைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அந்த மாஞ்சாவின் கூர்மையில்தான் எல்லாம் இருக்கிறது. எதிராளியின் நூல் அறுந்ததும் மாடிக்கு மாடி 'காய்ப்போ சே' என்ற ஆரவாரம் எழும். 1989 முதல் அரசாங்கம் சர்வதேசப் பட்ட விழா ஒன்றை நடத்திவருகிறதெனினும், உண்மையான உத்தராயணம் இன்னும் மாடிகளில்தான் நடக்கிறது.

இந்த ஆட்டத்துக்குச் சங்கம் வேண்டியதில்லை, மைதானம் வேண்டியதில்லை, மத்தியஸ்தரும் வேண்டியதில்லை. சில ரூபாயும் ஒரு மாடியும் இருந்தால் எவரும் போட்டியாளரே. இது ஒரு பெரிய சுதந்திரம் என்பதை மறுக்கமுடியாது. ஆயினும் அறுந்த நூல் விழுவது ஆட்டக்காரர் தலையில் அல்ல. வீதியில் போகும் மோட்டார் சைக்கிள்காரரின் கழுத்திலும், அந்தி வேளையில் கூடு திரும்பும் பறவையின் சிறகிலுமே அது சிக்குகிறது. சென்னையிலும், குறிப்பாக வடசென்னையில், காத்தாடிக்கு 'டீல்' போடும், அதாவது நூலறுக்கப் போட்டியிடும், பிள்ளைகளின் மாஞ்சாவால் உயிர்ச்சேதம் நேர்ந்தது. போலீஸார் திரும்பத் திரும்பத் தடை விதித்தனர். நைலான் முதலிய செயற்கை நூல் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுவதுக்குமே தடைசெய்தது. உள்ளிருந்து விதி செய்துகொள்ள ஆட்டத்தில் ஒரு ஸ்தாபனமும் இல்லாதபோது, விதி வெளியிலிருந்துதான் வரவேண்டியிருக்கிறது. அதுவும் விபத்துக்குப் பிறகே வருகிறது.

வல்வெட்டித்துறையின் உதயசூரியன் கடற்கரையில் காட்சி வேறு. மார்கழியிலும் தையிலும் வாடைக்காற்று கடலிலிருந்து கரையை நோக்கி ஓயாமல் வீச, அவ்வூர் அடங்கிய வடமராட்சியில் கொக்கு, பிராந்து, எட்டுமூலை என்று பலவகைப் பட்டங்கள் ஏறும். வில்போல் வளைத்த கழியில் தட்டையான நாடாவை இறுகக் கட்டிப் பட்டத்தின் தலையில் பொருத்துவார்கள். அதற்கு விண் என்று பெயர். அப்பட்டத்தை இரவு முழுவதும் மரத்தில் கட்டிவிட்டால், ஊர் உறங்கும்போதும் விண் கூவிக்கொண்டிருக்கும். பொங்கலன்று போட்டிக்கு வருபவையோ கப்பலாகவும் தேராகவும் பறவையாகவும் முப்பரிமாணத்தில் கட்டப்பட்டவை. பட்டத்தைக் கயிற்றோடு இணைக்கும் முச்சை ஒரு விரற்கடை பிழைத்தாலும் பல நாள் உழைப்பு மணலில் தலைகுப்புறக் குத்திவிடும். ஆகவே ஒருவர் கட்ட, சிலர் தூக்கிப் பிடிக்க, சிலர் கயிற்றை இழுக்க, அனுபவஸ்தர் ஒருவர் காற்றைப் பார்த்துச் சைகை காட்ட, ஒரு குழுவே அங்கே தேவைப்படுகிறது. ஊரின் சனசமூக நிலையங்களும் கழகங்களும் முன்னின்று நடத்த, நடுவர்கள் வடிவத்தின் புதுமையையும் ஏறும் நேர்த்தியையும் பார்த்துப் பரிசளிக்கிறார்கள். பிறர் பட்டத்தை அறுப்பதற்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

இந்தச் சாமர்த்தியம் அவ்வூருக்குத் திடீரென்று வந்ததாக நான் நினைக்கவில்லை. அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பல், 1938இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. பாயையும் கயிற்றையும் காற்றுக்கு இசைவித்துப் பழகிய கைகளுக்குப் பட்டம் அந்நியமான வித்தை அன்று.

ஆபத்து அங்கே இல்லையென்று சொல்வதற்கில்லை. 2021 டிசம்பரில், பருத்தித்துறைப் பக்கத்தில், பெரும் பட்டமொன்றின் கயிற்றைத் தோழர்கள் விட்டுவிட, விடாமல் பற்றியிருந்த இளைஞர் ஒருவர் அந்தரத்தில் தூக்கப்பட்டு, தெய்வாதீனமாக உயிர் தப்பினார். ஆனால் இங்கே ஆபத்து கயிற்றைப் பிடித்தவரையே முதலில் தேடி வருகிறது. எனவே முன்னே யார் நிற்பது, யார் சொல்லக் கயிற்றை விடுவது என்ற ஒழுங்கைக் குழு தனக்காகவே செய்துகொள்ளவேண்டியிருக்கிறது. அகமதாபாத்திலும் சென்னையிலும் அபாயத்தை அனுபவிப்பவர் ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாதவர்; அவருக்காக யோசிக்க மாடியில் எவருக்கும் அவசியம் ஏற்படுவதில்லை.

தடை ஆணைகள் அவசியமே; எனினும் தடையால் மட்டும் ஒரு கலைக்குப் பொறுப்புணர்ச்சி வந்துவிடாது. வடசென்னையில் ஒரு திறந்த மைதானத்தை ஒதுக்கி, பூசாத பருத்தி நூலுக்கு மட்டும் அனுமதி தந்து, காத்தாடி கட்டத் தெரிந்த முதியவர்களையே நடுவர்களாக்கி, பேட்டைக்கு ஒரு கழகம் வீதம் தை மாதத்தில் போட்டி நடத்தினால், மாஞ்சா விற்பவனைத் தேடி அலையும் போலீஸாரின் வேலையில் பாதியைப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள்.