லெட் என்றால் தடை

இந்திய பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சாகியிருக்கிறது. பாஸ்போர்ட் வைத்திருப்பவரை 'லெட்', 'ஹிண்டரன்ஸ்' இரண்டும் இல்லாமல் தடங்கலின்றிப் போகவிடும்படி அது கேட்டுக்கொள்கிறது. பள்ளியில் ஆங்கிலம் படித்தவர் லெட் என்றால் 'விடு' என்பார். அந்தப் பொருளை வைத்துப் படித்தால், 'அனுமதியும் தடையும் இல்லாமல்' என்று வாக்கியம் முரண்பட்டு நிற்கும். ஆனால் இங்கே இருக்கும் லெட் வேறு ஒரு சொல். பழைய ஆங்கிலத்தில் 'லெட்டன்' என்ற வினைக்குத் தடுத்தல் என்று பொருள். 'லேட்டன்' என்ற வினைக்கு விடுதல் என்று பொருள். நாளாவட்டத்தில் இரண்டும் ஒரே ஒலியாகத் தேய்ந்தன. நேர் எதிரான இரண்டு பொருளை ஒரே சொல் சுமந்தால் பேச்சு என்ன ஆகும்? விடுதல் பேச்சில் நிலைத்தது. தடுத்தல் சட்ட ஆவணங்களிலும், பாஸ்போர்ட்டிலும், டென்னிஸ் களத்திலும் ஒதுங்கிக்கொண்டது. சர்வீஸ் பந்து வலையில் உரசி விழும்போது கேட்கிற 'லெட்' இந்தத் தடைதான்.

பழைய ஆங்கிலச் சொற்கள் இரண்டு வகை. ஒன்று, பார்த்தவுடனே தெரியாத சொல் என்று சொல்லிவிடும். வாசகர் அகராதியை எடுத்துவிடுவார், சிக்கல் தீர்ந்தது. மற்றது, தினமும் பழகிய முகத்தோடு வந்து நிற்கும். அதற்கு யாரும் அகராதி பார்ப்பதில்லை. பழைய நூல்களில் வாசகரைத் தடுக்கிவிழச் செய்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

முதல் வகைக்கு ஆங்கிலேயர் நெடுநாளாகவே மருந்து வைத்திருந்தார்கள். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதியைப் பள்ளி ஆசிரியராக இருந்த ராபர்ட் காட்ரே 1604இல் வெளியிட்டார். ஏறத்தாழ 2,500 சொற்கள். எல்லாம் கடின சொற்கள். வீடு, மரம், நாய் போன்றவற்றுக்கு எதற்கு அகராதி என்பது அந்தக் காலத்து எண்ணம். பெண்களுக்கும் தேர்ச்சியில்லாத மற்றவர்களுக்கும் உதவவே அந்த நூல் என்று முகப்பிலேயே அச்சிட்டிருந்தார்கள். 1623இல் ஹென்றி காக்கரம் இன்னொரு கடின சொல் அகராதி கொண்டுவந்தார். அதில் 'அப்ரிசிட்டி' என்றொரு சொல் இருக்கிறது. குளிர்காலத்து வெயிலின் இதமான சூடு என்று பொருள். லத்தீனிலிருந்து அழகாக எடுத்துக் கோத்த சொல். ஆனால் ஊர் அதை ஏற்கவில்லை.

அப்படி ஏற்கப்படாமல் போனவை ஏராளம். பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலப் புலவர்கள் லத்தீன் சொற்களை மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். எதிர்த்தவர்கள் அவற்றை 'இங்க்ஹார்ன்' சொற்கள், அதாவது மைக்கொம்புச் சொற்கள், என்று இழித்தார்கள். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் சீக் விவிலியத்தை மொழிபெயர்த்தபோது நூறு வீரருக்குத் தலைவனை 'ஹண்ட்ரடர்' என்றே எழுதினார். லத்தீன் வழி வந்த 'செஞ்சூரியன்' அவருக்கு வேண்டியிருக்கவில்லை. வென்றது செஞ்சூரியன். லத்தீன் சொற்களிலும் எது பிழைக்கும், எது மடியும் என்பதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை. தடுத்தலைக் குறிக்கும் 'இம்பீட்' இன்றும் வழக்கில் உண்டு. அதற்கு எதிராக, விரைவுபடுத்தலைக் குறித்த 'எக்ஸ்பீட்' மறைந்தது.

கடின சொற்களில் சில, இழந்ததற்காக வருந்தவைப்பவை. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த எக்ஸட்டர் சுவடியில், கணவனைப் பிரிந்த ஒரு பெண்ணின் புலம்பலாக அமைந்த பாட்டு இருக்கிறது. அவளுடைய துயரைச் சொல்ல அங்கே 'உஹ்ட்சேயரு' என்ற சொல் வருகிறது. உஹ்ட் என்பது இரவின் கடைசிக் கூறு. சேயரு என்பது இன்றைய 'கேர்', கவலை. வைகறையில் தூக்கம் கலைந்து படுத்தபடியே படும் கவலை. வைகறை என்றே ஒரு சிறுபொழுதை இலக்கணத்தில் வகுத்து, அதைத் தலைவனோடு ஊடும் மருதத்துக்குக் கொடுத்த தமிழருக்கு இந்தச் சொல் விளக்கமே இல்லாமல் புரியும். இன்றைய ஆங்கிலத்தில் அந்தப் பொழுதுக்கு அப்படியொரு தனிச்சொல் வழக்கில் இல்லை.

நாள் கணக்கிலும் இதே இழப்பு. நாளை மறுநாளைக் குறிக்க 'ஓவர்மாரோ' என்ற சொல் இருந்தது. மைல்ஸ் கவர்டேல் 1535இல் வெளியிட்ட விவிலியத்தில் அது காணக்கிடைக்கிறது. முந்தாநாளுக்கு 'எர்யெஸ்டர்டே' இருந்தது. இன்று இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரு சொற்றொடராக நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஏழு இரவு என்ற பொருளில் வாரத்தைக் குறித்த 'சென்னைட்' போய்விட்டது. பதினான்கு இரவைக் குறித்த 'ஃபோர்ட்நைட்' மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பழகிய முகங்களின் கதை இதைவிடச் சுவையானது, ஆபத்தானதும்கூட. 'மீட்' என்றால் இன்று இறைச்சி. ஒரு காலத்தில் எந்த உணவும் மீட்தான். 1611இல் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வந்த விவிலிய மொழிபெயர்ப்பில், லேவியராகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் 'மீட் ஆஃபரிங்' என்றொரு காணிக்கை வருகிறது. அதில் ஒரு துண்டு இறைச்சி கிடையாது. மெல்லிய மாவும் எண்ணெயும் சாம்பிராணியும்தான். உணவுக் காணிக்கை என்பதே அதன் பொருள். 1885இல் வந்த திருத்திய பதிப்பில் அதை 'மீல் ஆஃபரிங்' என்று மாற்ற வேண்டிவந்தது. தமிழ் விவிலியத்தை எடுத்துப் பார்த்தால் அங்கே 'போஜனபலி' என்று இருக்கும். தமிழில் படித்தவருக்கு இந்தக் குழப்பம் வர வழியே இல்லை.

'டியர்' என்றால் மான். முன்பு எந்த விலங்கும் டியர். ஜெர்மன் மொழியில் விலங்கைக் குறிக்கும் 'டீர்' அந்தப் பழைய பொருளை இன்னும் விடவில்லை. 'ஸ்டார்வ்' என்றால் பட்டினி கிடத்தல்; முன்பு அது சாதலைக் குறித்தது, சாவு எதனால் வந்தாலும் சரி. 'கேர்ல்' ஆண் பெண் இருபால் குழந்தைகளுக்கும் பொதுவாக இருந்தது. 'நைஸ்' என்பதன் மூலம் 'அறியாதவன்' என்று பொருள்படும் லத்தீன் சொல்; ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது ஒருவரை நைஸ் என்றால் மூடர் என்று திட்டியதாகும். 'சில்லி' நேர் எதிர்த்திசையில் நடந்தது. பேறுபெற்ற, அருள்பெற்ற என்ற இடத்தில் தொடங்கி, சூதுவாது அறியாத, பரிதாபத்துக்குரிய, பலவீனமான என்று படிப்படியாக இறங்கி முட்டாள்தனத்தில் வந்து நின்றது. தமிழில் 'கிழவன்' நடந்த வழியும் இதற்கு இளைத்ததில்லை. தொல்காப்பியத்தில் கிழவன் உரிமை உடைய தலைவன். அந்த இளைஞனுக்கு இன்றைய சொல்லை வைத்து நரைமுடி போட்டுவிட்டால் அகத்திணையே தலைகீழாகிவிடும்.

பொருள் மாறாமல் மரியாதை மட்டும் மாறிய சொல் ஒன்று உண்டு: 'தௌ'. இன்று அது கோயில் மணி போல ஒலிக்கிறது. விவிலியத்திலும் பழைய நாடகங்களிலும் மட்டுமே கேட்பதால், உயர்ந்தோரை அழைக்கும் சொல் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை வேறு. தௌ என்பது 'நீ'. 'யூ' என்பதுதான் 'நீங்கள்'. பிள்ளைகளுக்கும் வேலைக்காரருக்கும் நெருங்கியவருக்கும் தௌ; பெரியவருக்கு யூ. 1603இல் சர் வால்ட்டர் ராலேமீது தேசத்துரோக வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக் அவரை வேண்டுமென்றே தௌ என்று அழைத்து அவமதித்தார். நீதிமன்றத்தில் ஒரு பிரபுவை 'நீ' என்றதற்குச் சமம். பின்னர் க்வேக்கர் சமயத்தார், மனிதர் எல்லாரும் சமம் என்று சொல்லி மேலோரையும் தௌ என்றே அழைத்துப் பலருடைய கோபத்துக்கு ஆளானார்கள். கடவுளை தௌ என்றதும் உரிமையால்தான். தேவாரம் பாடியவர்கள் சிவனை 'நீ' என்று அழைத்தது போல. தமிழ் விவிலியம் இங்கே வேறு வழி பிடித்தது. கடவுளை 'நீர்' என்றும் 'தேவரீர்' என்றும் அழைக்கிறது. பணிவு தமிழ்ச் சபையின் வழக்கு. ஆங்கில விவிலியத்தில் அந்தப் பணிவு தௌ என்ற சொல்லில் இல்லை.

பெற்றோரை இழந்த சொற்கள் இன்னொரு கூட்டம். 'ரூத்லெஸ்' என்றால் இரக்கமற்ற. அப்படியானால் 'ரூத்' என்றால் இரக்கம்தானே? ஆம், அப்படியொரு சொல் நன்றாக வாழ்ந்தது. இன்று இரக்கம் போய் இரக்கமின்மை மட்டும் இருக்கிறது. 'ரெக்லெஸ்' என்பதில் இருக்கும் 'ரெக்' அக்கறை. 'லிஸ்ட்லெஸ்' என்பதில் இருக்கும் 'லிஸ்ட்' விருப்பம். பட்டியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'அன்கூத்' என்பது முதலில் 'அறியப்படாத' என்றுதான் பொருள்பட்டது. அறிமுகமில்லாதவன் பண்பில்லாதவனாக மாறியதைப் பார்த்தால், ஊருக்கு வெளியே இருந்து வருபவனைப் பற்றி மனிதர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் நினைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

இவ்வளவையும் இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறதென்றால், அதற்கு ஜேம்ஸ் மர்ரேக்கு நன்றி சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் பிறந்து, பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். பின்னால் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி என்று பெயர் பெற்ற நூலுக்கு 1879இல் ஆசிரியரானார். ஆங்கிலம் படிக்கும் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்: பழைய புத்தகங்களைப் படியுங்கள், ஒரு சொல் வரும் வாக்கியத்தை, நூலின் பெயரோடும் ஆண்டோடும் ஒரு சீட்டில் எழுதி அனுப்புங்கள். சீட்டுகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தன. ஆக்ஸ்ஃபோர்டில் அவர் வீட்டு வாசலிலேயே தபால் துறை ஒரு தபால் பெட்டி வைத்தது. சீட்டுகளை அகரவரிசையில் அடுக்க அவருடைய பிள்ளைகள் உதவினார்கள். முதல் பகுதி 1884இல் வந்தது. மர்ரே 1915இல் காலமானார். அகராதி 1928இல்தான் முடிந்தது. 4,14,825 சொற்கள், 18,27,306 மேற்கோள்கள்.

எண்ணிக்கையைவிடப் பெரியது அதன் முறை. ஒரு சொல்லின் பொருள்கள் அங்கே பிறந்த வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆண்டு உண்டு, சாட்சி வாக்கியம் உண்டு. வழக்கிறந்த சொல்லுக்குப் பக்கத்தில் சிறு கத்திக்குறி போட்டார்கள். செத்துவிட்டது என்று யாரும் அதைத் தூக்கி எறியவில்லை. தவறும் நேர்ந்தது. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' என்ற சொல்லின் சீட்டுகள் தொலைந்துபோய், அந்தச் சொல்லே விடுபட்டது. 1933இல் வந்த துணைத்தொகுதியில்தான் அதற்கு இடம் கிடைத்தது. சீட்டு முறையின் இன்னொரு பக்கத்தை அமெரிக்காவில் பார்க்கலாம். வெப்ஸ்டர் அகராதியின் 1934ஆம் ஆண்டுப் பதிப்பில், அடர்த்தி என்ற பொருளோடு 'டோர்ட்' என்ற சொல் அச்சானது. அப்படியொரு சொல் உலகத்திலேயே இல்லை. பெரிய 'டி' அல்லது சிறிய 'டி' அடர்த்தியின் குறியீடு என்று எழுதியிருந்த ஒரு சீட்டை, 'அல்லது' என்ற பொருள் தரும் 'ஆர்' என்ற சொல்லோடு சேர்த்து ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். அதற்குச் சொற்பிறப்பே இல்லையே என்று 1939இல் ஓர் ஆசிரியர் கவனித்த பிறகே பிழை தெரிந்தது.

இந்தத் துறையில் தஞ்சாவூருக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னெல், அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். ஹென்றி யூலுடன் சேர்ந்து, இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களைத் தொகுத்தார். பர்னெல் 1882இல் இறந்தார். 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற அந்தத் தொகுப்பு 1886இல் வந்தது. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்துக்குள் போன கதை அதில் இருக்கிறது. திரும்பி வந்த கதையும் இருக்கிறது. 'டிபன்' எந்த மொழி? 'டிஃபிங்' என்பது பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கொச்சைச் சொல். வேளைச் சாப்பாட்டுக்கு இடையில் உண்பதும் குடிப்பதும் என்று ஃபிரான்சிஸ் க்ரோஸ் 1785இல் தன் கொச்சை அகராதியில் பதிந்தார். இங்கிலாந்தில் அது மறைந்தது. தமிழகத்தில் இன்றும் இட்லியும் பூரியும் டிபன், சோறு சாப்பாடு. க்ரோஸ் எழுதிய பொருள் நம் ஓட்டல் பலகையில் அப்படியே நிற்கிறது.

இன்னும் உண்டு. குதிரை வண்டியின் பின்புறத்தில் வேலையாட்கள் உட்காரும் இருக்கைக்கு 'டிக்கி' என்று பெயர். பழைய கார்களின் பின்னால் மடக்கித் திறக்கும் இருக்கைக்கும் அதே பெயர் போயிற்று. இருக்கை மறைந்தும் நம் காரின் பெட்டி டிக்கியாகவே இருக்கிறது. 'ஸ்டெப்னி' என்பது வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரின் ஒரு தெருப்பெயர். கார்களுக்கு மாற்றுச் சக்கரமே இல்லாத 1904இல், அந்தத் தெருவில் டேவிஸ் சகோதரர்கள் அதைச் செய்து விற்றார்கள். 'பர்லாங்' என்றால் உழவுசாலின் நீளம். ஏர்மாடு நிற்காமல் உழும் ஒரு சாலின் தொலைவு, 220 கெஜம். இங்கிலாந்தில் அது பெரும்பாலும் குதிரைப் பந்தயத்தோடு நின்றுவிட்டது. நம் கிராமத்துப் பெரியவர் ஒருவர் "இங்கிருந்து ரெண்டு பர்லாங்" என்று வழி சொல்வதை இன்றும் கேட்கலாம்.

அப்படிப்பட்ட பெரியவர்கள் ரயில்வேயிலும் கச்சேரியிலும் எஸ்டேட்டிலும் மில்லிலும் ஆங்கிலத்தைக் காதால் கற்றவர்கள். வெளியூர்த் தொலைபேசி அழைப்பைக் குறித்த ட்ரங்க்கால் போன்று அவர்கள் வாயில் மட்டுமே மிஞ்சியிருக்கும் சொற்கள் பல. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் சொல்லும் சொல்லை அவர் சொன்ன வாக்கியத்தோடு ஒரு தாளில் எழுதி, ஊரையும் தேதியையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். மர்ரே கேட்டதும் அந்தச் சீட்டைத்தான்.