எலிவால் கணக்கு

2008 மே மாதம் பத்து பூத்தே தீர்ப்பு வந்தபோது நான் ஜொகூரில் படிவம் ஐந்து மாணவன். பத்து பூத்தே சிங்கப்பூருக்கு, அருகிலிருக்கும் நடுப்பாறைகள் மலேசியாவுக்கு என்று அனைத்துலக நீதிமன்றம் சொன்னது. சில ஆண்டுகள் கழித்து அந்தப் பாறையை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். கலங்கரை விளக்கம், அலை, தனிமை, ஒரு காவலாளி. வாசித்த நண்பன் கேட்டான்: “மொழி நல்லாத்தான் இருக்கு. ஆனா அவன் என்னதான் சாப்பிடுறான்? ஊருக்குப் போகணும்னா யாருகிட்ட லீவு கேக்குறான்? ஒண்ணுமே இல்லையே!” எனக்குக் கோபம்தான் வந்தது.

அவன் கேள்வி நியாயமானது என்று எனக்கு உறைக்க, மைக்கேல் சோன்யி எழுதிய ‘கோல்ட் வார் ஐலண்ட்’ நூலை வாசிக்க வேண்டியிருந்தது. அதுவும் 2008இல் வெளிவந்ததுதான். தைவான் ஆட்சியிலுள்ள கின்மென் தீவுகளைப் பற்றிய வரலாற்று நூல் அது. கின்மென்னின் ஒரு முனையிலிருந்து பார்த்தால் சீனக் கரை கண்ணுக்குத் தெரியும். தைவானோ ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. 1949வரை எதிர்க்கரையிலிருக்கும் சியாமென் நகரம்தான் இவர்களுக்குச் சந்தை, துறைமுகம், உறவுக்காரர் வீடு எல்லாம். அந்த ஆண்டோடு கடல் மூடப்பட்டது.

1958இல் 44 நாள்களில் ஏறக்குறைய 4,70,000 குண்டுகள் இந்தத் தீவுகளில் விழுந்தன. பிறகு ஒற்றைப்படைத் தேதிகளில் மட்டும் சுடுவோம் என்று சீனா அறிவித்தது. பின்னாளில் அந்தக் குண்டுகளில் பெரும்பாலும் பிரச்சாரத் துண்டறிக்கைகள்தான் வந்தன. 1979 ஜனவரி 1 வரை இது நீடித்தது. நானாக இருந்தால் இந்தக் குண்டுகளை வைத்தே மொத்தப் புத்தகத்தையும் எழுதி முடித்திருப்பேன். அவ்வளவு ‘கதை’ அதில் இருக்கிறது.

சோன்யி அங்கே நிற்கவில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது எலிவால் பகுதி. கொள்ளைநோய்க்குப் பயந்த ராணுவ நிர்வாகம் எலி ஒழிப்பில் இறங்கியது. கிராமத்தார் எலியைக் கொன்று வாலை அறுத்து, ஒதுக்கப்பட்ட கணக்குப்படி ஒப்படைக்க வேண்டும். யாரோ இரண்டு அரசுகளின் சண்டை, ஒரு கிழவியின் சமையலறைக்குள் எலிப்பொறியாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. கூடைப்பந்துக்கும் கட்டுப்பாடு இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு யாரும் எதிர்க்கரைக்கு நீந்திவிடக் கூடாதாம்! தைவானுக்குப் போக அனுமதிச் சீட்டு. கின்மென்னில் மட்டும் செல்லும் பணத்தாள். இரவில் வெளிச்சம் வெளியே கசியக் கூடாது. தைவானில் 1987இல் நீங்கிய ராணுவச் சட்டம் இங்கே 1992 நவம்பரில்தான் நீங்கியது.

ஆனால் நூலின் உண்மையான துணிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. கின்மென் மக்களை அது ‘பாவம்’ ஆக்கவில்லை. சிப்பாய்கள் வந்ததால் சாப்பாட்டுக்கடை, சலவைக்கடை, குளியல் கடை என்று ஒரு பொருளாதாரமே உருவானது. அவர்கள் போனதும் கடைகள் படுத்துவிட்டன. அந்தக் கெடுபிடிக் காலத்தை ஏக்கத்தோடு நினைப்பவர்களும் உண்டு. இதை எழுதுவது சுலபமில்லை. ஒடுக்குமுறைக்கு வக்காலத்து என்று நம்மில் யாராவது கிளம்பி வந்துவிடுவார்கள். துயரப்படுபவர் துயரம் மட்டுமே பட வேண்டும் என்பது நம் வாசிப்பில் எழுதப்படாத சட்டமாகவே இருக்கிறது.

குறையும் உண்டு. ராணுவமே நடத்திய பாலியல் விடுதிகள் பற்றிய பகுதியில் நமக்குக் கேட்பது பெரும்பாலும் அந்தப் பெண்களைப் பற்றிப் பிறர் பேசும் குரல். ஆவணம் இல்லாத இடத்தில் வரலாற்றாசிரியர் கை கட்டப்பட்டுவிடுகிறது. அங்கேதான் புனைவுக்கு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

லியோ சியாங் இயக்கிய ‘ஐலண்ட் இன் பிட்வீன்’ குறு ஆவணப்படம் 2024 ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலுக்கு வந்தபோது பலருக்குக் கின்மென் தெரியவந்தது. தைவான், சீனா, அமெரிக்கா மூன்றோடும் தனக்குள்ள உறவைத் தன் குரலிலேயே சொல்கிறார் இயக்குநர். தான் அந்தத் தீவுக்காரன் இல்லை என்பதை அவர் மறைக்காதது எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் அவர் தேடும் விடை அவருடையது. தீவு அதற்கு ஒரு கண்ணாடி. படம் முடிந்தபின் மனத்தில் தங்குவது ஒரு மனிதரின் குழப்பம். நூலை மூடியபின் தங்குவது அந்த எலிவால்.

கின்மென் நமக்கு அப்படியொன்றும் தூரமில்லை. அங்கிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள் ஏராளம். இங்கிருந்து போன பணத்தில் எழுந்த மாடிவீடுகள் இன்றும் அந்தக் கிராமங்களில் நிற்கின்றன. 1949க்குப் பிறகு அந்த வீடுகளில் காத்திருந்தவர்களுக்குக் கடல் என்னவாக இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

சென்ற வாரம் என் பழைய கதையை எடுத்துப் பார்த்தேன். காவலாளி இன்னும் எதுவும் சாப்பிடவில்லை. வெறுமனே கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அந்தப் பாறையைச் சுற்றி மீன் பிடித்தவர்கள் பெங்கெராங் பக்கம் இருக்கிறார்கள். என் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. கதை எழுதிய காலத்தில் ஒருமுறைகூட நான் அங்கே போனதில்லை.