ஒற்றை மணியைக் காட்டிய தராசு

சாமணத்தால் ஒரே ஒரு வெடிமருந்து மணியை எடுத்துத் தட்டில் போட்டேன். எண் நகர்ந்தது. எடுத்தேன், பழைய எண்ணுக்கே திரும்பியது. மறுபடி போட்டேன், மறுபடி அதே எண். டெக்சாஸில் என் வீட்டுக் கார் ஷெட்டில், நள்ளிரவில், சின்னப் பிள்ளை மாதிரி இதையே இருபது தடவை செய்துகொண்டிருந்தேன். ஏ அண்ட் டி எஃப்எக்ஸ்-120i தராசு வீட்டுக்கு வந்த முதல் நாள் அது!

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, மருந்தைப் பற்றவைக்கும் புது பிரைமர் பொருத்தி, மருந்து அளந்து போட்டு, குண்டை உட்கார வைப்பதை இங்கே ரீலோடிங் என்பார்கள். மருந்தை கிரெய்னில் நிறுக்கிறோம். 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு, ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். நம் ஊர்த் தட்டார் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய அரைக் குன்றிமணி. அவர்கள் நெல்லெடை பார்த்தார்கள், ஆங்கிலேயர் பார்லி மணியை வைத்து கிரெய்னுக்குப் பெயரிட்டார்கள். தானியத்தை வைத்து நிறுத்தவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள் என்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நான் சுடுவது எஃப்-கிளாஸ் என்னும் தொலைதூர இலக்குப் போட்டி. இலக்கு 1,000 கெஜம் தள்ளி, அதாவது 914 மீட்டர். நடுவில் இருக்கும் எக்ஸ் வளையம் வெறும் 5 அங்குலம். என் .308 துப்பாக்கியில் குண்டின் வேகம் நொடிக்கு 10 அடி மாறினால் அவ்வளவு தூரத்தில் 3 அங்குலம் போல மேலோ கீழோ போய்விடும். மருந்து மாறினால் வேகம் மாறும். அதனால்தான் இந்தத் தராசுப் பைத்தியம்.

முதலில் கன அளவால் ஊற்றும் கருவிதான் வைத்திருந்தேன். உருண்டை மருந்துக்கு அது அருமை, தண்ணீர் போல ஓடும். நான் போடும் வார்கெட்டோ குச்சி குச்சியான மருந்து. வழியில் சிக்கி, நறுக்கென்று வெட்டுப்பட்டு, ஒரு முறை கூடும், ஒரு முறை குறையும். அடுத்து ஒரு மலிவு டிஜிட்டல் தராசு. உள்ளே ஓர் உலோகத் துண்டு எடைக்கு வளையும், அந்த வளைவைத்தான் அது எடையாகக் காட்டும். என்னிடம் இருந்தது அரை மணிக்கு ஒருமுறை பூஜ்யத்தை விட்டு விலகியது. ஏசி காற்று பட்டால் போச்சு. ஒரு மாலை முழுக்க நிறைத்த ஐம்பது தோட்டாக்களையும் நம்ப முடியாமல் பிரித்துக் கொட்டினேன். அன்று வந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

எஃப்எக்ஸின் வேலை வேறு மாதிரி. தட்டு கீழே இறங்கப் பார்க்கும்போது காந்தச் சுருள் அதைத் தாங்கி, இருந்த இடத்திலேயே நிறுத்துகிறது. அதற்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டதோ, அதுதான் எடை. காட்டும் நுண்மை 0.02 கிரெய்ன். வார்கெட்டின் ஒரு மணியும் ஏறக்குறைய அவ்வளவுதான்! அதோடு ஆட்டோடிரிக்லரைச் சேர்த்துவிட்டேன். பெரும்பகுதியை ஒரு கருவி கொட்டும், மீதியைச் சுழலும் குழாய் மணி மணியாக உதிர்க்கும். தராசு போதும் என்றதும் நின்றுவிடும். கோயில் யானை பாகன் சொல் கேட்பது போல அவ்வளவு அடக்கம்.

இரண்டும் சேர்ந்து ஆயிரம் டாலரைத் தாண்டும். இருநூறு கெஜத்துக்குள் சுடுபவருக்கு இது வேண்டாம், நல்ல பழைய கோல் தராசே போதும். தூரம் சுடுபவர் தயங்கவே வேண்டாம், வாங்குங்கள். வாங்கினால் சோதனை எடைக்கல்லையும் கூடவே வாங்குங்கள். தராசை முன்கூட்டியே போட்டுச் சூடேற விடுங்கள், காற்றுத் தடுப்பை மூடி வையுங்கள். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும், கைபேசி அறைக்கு வெளியே. அளவு எவ்வளவு என்பதற்கு மருந்துக் கம்பெனி அச்சிட்ட கையேட்டைத் தவிர யார் பேச்சையும் கேட்காதீர்கள். தராசு எவ்வளவு நுட்பமானாலும் தப்பான அளவையும் அதே நுட்பத்தோடுதான் நிறுத்துக் கொடுக்கும்.

போன மாதம் 1,000 கெஜத்தில் இருபது சுட்டேன். இலக்கை இறக்கிப் பார்த்தால் காற்றை நான் தப்பாகக் கணித்த இடங்களில் துளைகள் இடமும் வலமும் சிதறிக் கிடந்தன. மேலும் கீழும்? ஒரு நாடாவை நீட்டி ஒட்டியது போல, கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில்!